அப்பா 150 ரூபாய்க்கு வாங்கிய படமும் ஹுசேனின் 118 கோடியும் - இந்த விலையை எல்லாம் யார் வைக்கிறார்கள்?

சிங்காநல்லூர்_சேகர்

வணக்கம். இங்கே இதுவரை படித்ததோடு சரி, எழுதுவது இதுதான் முதல் தடவை. கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டு ஹாலில் ஒரு கோட்டோவியம் ஐம்பது வருஷமாகத் தொங்குகிறது. கறுப்பு மை, காகிதம், செய்தித்தாளை இரண்டாக மடித்தால் வரும் அளவு. 1974இல் அப்பா மில் வேலையாகச் சென்னைக்குப் போனவர், மழைக்கு ஒதுங்கிய கட்டடத்தில் ஏதோ கண்காட்சி நடக்க, உள்ளே போய்விட்டு வெளியே வரும்போது முன்பணம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். மொத்தம் 150 ரூபாய், இரண்டு தவணை. அம்மா அந்தக் காசை இன்றுவரை மறக்கவே இல்லை. விருந்தாளி யாராவது அந்தப் படத்தின் முன்னால் இரண்டு நிமிஷம் நின்றால் போதும், "அது எனக்கு வர வேண்டிய பட்டுப்புடவை" என்று சமையலறையிலிருந்து குரல் வரும். வரைந்தவர் மெட்ராஸ் ஓவியக் கல்லூரியில் கே.சி.எஸ். பணிக்கர் முதல்வராக இருந்த காலத்தில் படித்தவர். இப்போது உயிரோடு இல்லை. பெயரை இங்கே போடவில்லை, ஏன் என்பது அடுத்த பத்தியில் புரியும்.

அப்பா போன வருஷம் தவறிவிட்டார். காரியத்துக்கு வந்த சொந்தக்காரப் பையன் ஒருவன் படத்தை போனில் எடுத்து எதிலோ ஏற்றிவிட, பத்து நாளில் சென்னையிலிருந்து ஒருவர் பேசினார், அடுத்த வாரம் நேரிலேயே வந்து நின்றார். டார்ச் அடித்துப் பார்த்தார், கையெழுத்தைப் போட்டோ எடுத்தார், காபி குடித்தார், 60 ஆயிரம் ரொக்கமாகத் தருகிறேன், இப்போதே எடுத்துக்கொள்கிறேன் என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

அன்று ராத்திரி தேடிப் படித்ததில்தான் தலை சுற்றிவிட்டது. 2025 மார்ச்சில் ஓவியர் எம்.எஃப். ஹுசேனின் ஒரு படம் நியூயார்க்கில் 1.375 கோடி டாலருக்குப் போயிருக்கிறது, நம் காசில் ஏறக்குறைய 118 கோடி. பணிக்கர் ஹுசேனைவிட நான்கு வயது மூத்தவர். ஒரே காலம், ஒரே நாடு. அந்தப் பக்கம் கோடி கோடியாகப் போகிறது, நம் ஊர்க்காரர்கள் பெயரைச் சொன்னால் ஆயிரத்திலும் லட்சத்திலும்தான் பேச்சே. நம்மவர்கள் மட்டமாக வரைந்தார்களா? இல்லை, சேகரிக்கிற பணக்காரர்கள் நாலு பேர் சேர்ந்து யார் பெரியவர் என்று முடிவு செய்துவிடுகிறார்களா? அப்படி என்றால் இந்த விலைக்கு என்னதான் அர்த்தம்?

அப்புறம் முக்கியமான விஷயம், 60 ஆயிரத்துக்குக் கொடுக்கலாமா?

ஃபிரேம்கடை_மணி

சேகர் சார், கொடுக்காதீர்கள். வீடு தேடி வந்து, காபி குடித்து, ரொக்கம் என்று சொல்கிறவர் கையில் அதை வாங்கிக்கொள்ள அடுத்த ஆள் ஏற்கெனவே இருப்பார். 60 என்று ஆரம்பித்தவர் எதில் முடிப்பார் என்று பார்க்கவாவது கொஞ்ச நாள் சும்மா இருங்கள்.

நான் முப்பது வருஷத்துக்கு மேல் சென்னையில் ஃபிரேம் கடை வைத்திருந்தேன், இப்போது பையன் பார்க்கிறான். ஓவியர்கள் கடன் சொல்லி ஃபிரேம் போட்டுக்கொண்டு போனதும் அதே படம் பத்து வருஷம் கழித்து வேறொருவர் காரில் திரும்பி வந்ததும் என் கண் முன்னால் நடந்தவை. அதனால் உங்கள் கேள்விக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், பேராசிரியர்கள் யாராவது இருந்தால் திருத்துங்கள்.

பம்பாய்க்காரர்களுக்கு விலை 2025இல் வந்ததல்ல, அதற்கு விதை போட்டது 1940களில். ஹிட்லருக்குத் தப்பி ஓடிவந்த மூன்று பேர் அந்த ஊரில் கரை ஒதுங்கினார்கள். வால்டர் லாங்ஹாமர் டைம்ஸ் ஆஃப் இந்தியாவில் கலை இயக்குநராக உட்கார்ந்தார், ருடால்ஃப் ஃபான் லெய்டன் பத்திரிகையில் விமர்சனம் எழுதினார், இமானுவேல் ஷ்லெசிங்கர் மருந்து கம்பெனி நடத்தி அந்தக் காசில் படம் வாங்கினார். 1947இல் சூஸா, ரஸா, ஹுசேன், ஆரா, காடே, பாக்ரே ஆறு பேரும் முற்போக்கு ஓவியர் குழு ஆரம்பித்தபோது, சொல்லிக் கொடுக்க ஒருவர், எழுத ஒருவர், வாங்க ஒருவர் என்று மூன்றும் ஊரில் தயாராக இருந்தன. எங்கள் தொழிலிலிருந்தே ஒருவர் உண்டு, கேகூ காந்தி. 1941இல் செமோல்ட் என்று ஃபிரேம் செய்ய ஆரம்பித்தவர், கடை ஜன்னலில் ஆராவின் படத்தையும் ஹுசேனின் படத்தையும் மாட்டி வைத்தார். ஃபிரேமுக்கு வந்தவன் படத்தையும் சேர்த்து வாங்கிப் போனான். (எனக்கு அந்த புத்தி வந்திருந்தால் இன்றைக்கு இங்கே எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.) அதற்குப் பிறகு ஹோமி பாபா. அணு விஞ்ஞானி, டாடா ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைவர், நேருவிடம் அனுமதி வாங்கிக் கட்டட பட்ஜெட்டில் ஒரு சதவீதத்தை ஓவியத்துக்கு ஒதுக்கினார். பௌதிகம் படிக்கப் போன பையன்கள் ஹுசேன், கெய்தோண்டே போன்ற ஓவியர்களின் படங்களைப் பார்த்துக்கொண்டே கேன்டீனுக்குப் போனார்கள்.

அடுத்த சுற்று வெளிநாட்டில். அமெரிக்காவில் செஸ்டர் ஹெர்விட்ஸ், டேவிடா என்று ஒரு தம்பதி, தோல் பை வியாபாரம். இந்தியாவுக்குச் சரக்கு விஷயமாக வந்து போனவர்கள், ஹுசேனில் ஆரம்பித்து ஆயிரக்கணக்கில் வாங்கினார்கள். 1990களின் நடுவில் அவர்கள் சேகரிப்பிலிருந்து ஒரு பகுதி நியூயார்க்கில் சாத்பீஸ் ஏலத்துக்கு வந்தபோதுதான் இந்தியப் படங்களுக்கு எல்லாரும் பார்க்கிற மாதிரி ஒரு விலைப்பட்டியல் கிடைத்தது. மிச்சத்தில் ஆயிரத்துக்கும் மேல் மாசசூசெட்ஸில் ஒரு அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது. ஜப்பானில் ஃபுகுவோகா என்று ஒருவர், மீன் பதப்படுத்தும் தொழில், 1991இல் ஹிமேஜி ஊரில் இந்திய ஓவியங்களுக்கென்றே மியூசியம் திறந்தார். கடைசியாக கிரண் நாடார். 2010இல் ரஸாவின் 'சௌராஷ்டிரா' படத்தை 16 கோடிக்கு மேல் கொடுத்து எடுத்தார், நீங்கள் சொல்கிற 118 கோடியும் அவர்களுடைய மியூசியத்துக்குத்தான். அந்தப் பணம் எங்கே ஆரம்பித்தது என்று பார்த்தால் அவர் கணவர், எச்சிஎல் கம்பெனியைத் தொடங்கிய திருச்செந்தூர் பக்கத்துக்காரர் ஷிவ் நாடார், கோயம்புத்தூரில் உங்கள் ஊர் பிஎஸ்ஜியில் படித்தவர். நம்மூர்ப் பணம்தான், போனது பம்பாய்ப் படத்துக்கு.

இப்போது இந்தப் பக்கம் பாருங்கள். மெட்ராஸில் பணம் இல்லையா? இருந்தது. தங்கத்துக்கும் நிலத்துக்கும் சபா நன்கொடைக்கும் கல்யாணத்துக்கும் போனது. செட்டிநாட்டு வீடுகளில் தஞ்சாவூர்ப் படமும் ரவிவர்மா அச்சுப் படமும் சுவர் முழுக்க இருந்தன, ஆனால் எழும்பூரில் இருக்கிற ஓவியக் கல்லூரிப் பையன் வரைந்ததை மாட்ட ஆணி அடித்தவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பணிக்கருக்கு இது தெரிந்துதான், 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை ஆரம்பித்தபோது வாங்குகிற ஆளை நம்பாமல், பாட்டிக் துணியும் கைவினைப் பொருளும் விற்ற காசில் இஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கினார்கள். அற்புதமான யோசனை, யாரிடமும் கை கட்டி நிற்க வேண்டாம், பகலில் பாட்டிக், மற்ற நேரம் தன் இஷ்டப்படி வரையலாம். ஆனால் அதில் ஒரு சிக்கல். சேகரிப்பாளரை நம்பாமல் வாழக் கற்றுக்கொண்டால் சேகரிப்பாளரும் இல்லாமல் போய்விடுகிறார். கடைசியில் ஈசிஆரில் நிலம் ஏறிய வேகத்தில் நூறில் ஒரு பங்குகூடப் படம் ஏறவில்லை.

வாங்கியவர், அவரிடம் வாங்கியவர், எழுதியவர், கேட்லாக் போட்டவர், மியூசியத்தில் மாட்டியவர் என்று இத்தனை கைகளும் சேர்ந்துதான் அந்த 118 கோடி. உங்கள் படம் உங்கள் அப்பா என்ற ஒரே கையில் ஐம்பது வருஷம் இருந்திருக்கிறது.

நெல்லை_நேர்பேச்சு

மணி அண்ணே சொல்வது கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் எல்லாத் தோல்விக்கும் "எங்களை யாரும் ஆதரிக்கவில்லை" என்று சொல்லிவிடலாமே. ஹுசேனின் அந்தப் படம் ஏறக்குறைய 14 அடி நீளம், 1954இல் வரைந்தது, உள்ளே பதிமூன்று காட்சிகள். அதையும் செய்தித்தாள் அளவு காகிதத்தில் இருக்கிற இங்க் டிராயிங்கையும் பக்கத்தில் வைத்து "ஏன் இவ்வளவு வித்தியாசம்" என்று கேட்பது மாமரத்தையும் மாவடுவையும் ஒப்பிடுவது மாதிரி. கேன்வாஸில் எண்ணெய் வண்ணம் என்றால் ஒரு விலை, காகிதம் என்றால் ஒரு விலை, உலகம் முழுக்க அப்படித்தான். ஹுசேனே காகிதத்தில் கிறுக்கியது லட்சங்களில்தான் போகிறது.

இன்னொன்று, அந்தப் பம்பாய் ஓவியர்கள் கிளம்பிப் போனார்கள். ரஸா பாரிஸ், சூஸா லண்டன், தையப் மேத்தா கொஞ்ச காலம் லண்டன். இங்கே இருந்துகொண்டே டெல்லிக்காரன் பார்க்கவில்லை, பம்பாய்க்காரன் வாங்கவில்லை என்றால் எப்படி?

நல்ல சரக்கு என்றைக்காவது விலை போகும். கெய்தோண்டே டெல்லியில் ஒரு அறையில் முடங்கிக் கிடந்தார், எவரையும் போய்ப் பார்க்கவில்லை, இன்றைக்கு அவர் விலை என்ன?

ஃபிரேம்கடை_மணி

காகிதம் விஷயத்தில் நெல்லைக்காரர் சொல்வது நூற்றுக்கு நூறு சரி, அதை நானே முதலில் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் கெய்தோண்டேயை இழுத்தீர்கள் பாருங்கள், அது எனக்குத்தான் சாதகம்.

மனுஷர் 2001இல் இறக்கும்போது ஓவியர்கள் வட்டத்துக்கு வெளியே அவர் பெயர் தெரிந்தவர்கள் குறைவு. வருஷத்துக்கு அஞ்சாறு படம்தான் முடிப்பார். 2013 டிசம்பரில் கிறிஸ்டீஸ் முதல் தடவையாக மும்பையில் ஏலம் நடத்தியபோது அவருடைய படம் 23.7 கோடி. அடுத்த வருஷம் நியூயார்க் குகன்ஹைம் மியூசியத்தில் தனிக் கண்காட்சி. 2015இல் மும்பையில் மறுபடி 29 கோடிக்கு மேல். 2025 செப்டம்பரில் 67 கோடி. 2013க்கும் 2025க்கும் நடுவில் அவர் புதிதாக ஒரு கோடுகூடப் போடவில்லை, ஆள் போய்ப் பன்னிரண்டு வருஷம் கழித்து ஆரம்பித்த கதை இது. குகன்ஹைமில் மாட்ட வேண்டும் என்றால் படங்களை யாரோ பத்திரமாக வைத்திருந்து இரவல் கொடுக்க வேண்டும், அப்படி வைத்திருந்தவர்கள் இருந்தார்கள். படம் நன்றாக இல்லை என்று நான் சொல்லவே மாட்டேன், நேரில் பார்த்தவன் நான், அரைமணி நேரம் நகர முடியவில்லை.

"படம் குறைவு, அதனால் விலை அதிகம்" என்று அடுத்தபடி சொல்வீர்கள். சரி, சோழமண்டலத்து கே. ராமானுஜத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மையால் இழை இழையாக, ஒரு இடம் விடாமல், பாம்பும் கோபுரமும் தொப்பி போட்ட ஆளுமாக ஒரு கனவு உலகம். 1973இல் முப்பது வயது தாண்டிய கொஞ்ச நாளில் போய்விட்டார், விட்டுப்போன படங்கள் கொஞ்சம்தான். கெய்தோண்டே விலைக்குப் பக்கத்தில் அவர் விலையை வைத்துப் பார்க்க முடியுமா? அபூர்வமாக இருந்தால் மட்டும் போதாது சார், அது அபூர்வம் என்று பத்துப் பேருக்குத் தெரிந்து அவர்கள் ஒருவரை ஒருவர் முந்த வேண்டும்.

அப்புறம் அந்த 14 அடி ஹுசேன். 1954இல் டெல்லிக்கு வந்திருந்த ஒரு டாக்டர் வாங்கிக்கொண்டு போய், பிறகு ஆஸ்லோவில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொடுத்துவிட, அங்கே பல வருஷம் சும்மா தொங்கியது. ஏல நிறுவனம் எதிர்பார்த்ததே 25 லட்சத்திலிருந்து 35 லட்சம் டாலர்தான். அது நாலு மடங்கு போனதற்குக் காரணம் அந்த அறையில் விடாப்பிடியாக இரண்டு பேர் இருந்தது. ஒருவர் மட்டும் இருந்திருந்தால் நீங்களும் நானும் இந்தப் பேச்சே பேசியிருக்க மாட்டோம்.

வரவுசெலவு_வசந்தி

எனக்கு ஓவியம் தெரியாது, கணக்கு தெரியும். எங்கள் அலுவலகத்துக்கு இந்த மாதிரி கேஸ் வருஷத்துக்கு இரண்டு மூன்று வரும்.

முதலில் வரி. "வீட்டுச் சாமான்தானே, வரி கிடையாது" என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். 2007 பட்ஜெட்டோடு அது போய்விட்டது, ஓவியமும் சிற்பமும் இப்போது மூலதனச் சொத்து. 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால் லாபத்தில் 12.5 சதவீதம். உங்களுக்கு வாரிசாக வந்தது என்பதால் அப்பா வாங்கிய நாளிலிருந்து கணக்கு ஓடும். வாங்கிய விலையாக 150 ரூபாய்தான் காட்ட வேண்டும் என்பதில்லை, 2001 ஏப்ரல் 1 அன்று அது என்ன மதிப்பு பெறும் என்று மதிப்பீட்டாளரிடம் எழுதி வாங்கி அதைக் காட்டலாம். ரொக்கம் என்று அவர் சொன்னது அவருடைய வசதிக்கு. பேங்க் வழியாக வராத பணத்தைத் தொடாதீர்கள்.

ஏலத்துக்குக் கொடுத்தால்? செய்தியில் வருகிற விலை விற்கிறவர் கைக்கு வருகிற விலை அல்ல. சுத்தியல் விழுந்த விலைக்கு மேல் வாங்குகிறவர் 20 சதவீதமோ அதற்கு மேலோ கமிஷன் கட்டுவார், அதையும் சேர்த்துத்தான் பத்திரிகையில் போடுவார்கள். விற்கிறவரிடமும் தனியாகப் பிடித்தம் உண்டு, போட்டோ, இன்சூரன்ஸ், வண்டி என்று சில்லறைச் செலவுகள் வேறு. ஜிஎஸ்டி முன்பு 12 சதவீதமாக இருந்தது, 2025 செப்டம்பர் 22லிருந்து 5. ரிசர்வ் விலை என்று ஒன்று வைப்பார்கள், அதற்குக் கீழே போனால் விற்காது. விற்காமல் திரும்பி வந்த படத்தை அடுத்த நாலைந்து வருஷம் யாரும் சீந்த மாட்டார்கள், அதனால் ஆசைப்பட்டு ரிசர்வை ஏற்றி வைக்காதீர்கள்.

முதலீடாகப் பார்க்கிறவர்களுக்கு ஒரு பழைய கதை. 2005, 2006 வாக்கில் விலை ஏறிய வேகத்தில் மியூச்சுவல் ஃபண்ட் மாதிரி ஓவிய ஃபண்டுகள் வந்தன. அதில் ஒன்று 2006இல் 102 கோடி திரட்டி மூன்று வருஷத்தில் திருப்பித் தருவதாகச் சொன்னது. 2008இல் பங்குச் சந்தையைக் கண்காணிக்கிற செபி, இவை எல்லாம் அனுமதி வாங்காமல் நடக்கிற திட்டங்கள் என்று எச்சரித்தது, அதே வருஷம் உலகச் சந்தை விழுந்தது, 2009இல் முதிர்வு நாள் வந்தபோது சொன்னபடி பணம் வரவில்லை. படங்கள் கோடவுனில் பத்திரமாகத்தான் இருந்தன, வாங்கத்தான் ஆள் இல்லை. ஷேர் என்றால் திங்கட்கிழமை காலையில் நஷ்டத்திலாவது விற்றுவிடலாம், படத்துக்கு அந்த வழியும் கிடையாது.

சேகர் சார், அப்பா கையெழுத்திட்ட ரசீது, கண்காட்சி அழைப்பிதழ், ஓவியர் எழுதிய கார்டு, அவர் படத்தோடு நிற்கிற பழைய போட்டோ, எதுவாக இருந்தாலும் தேடி எடுங்கள். படத்தைவிட அந்தக் காகிதத்துக்காக அதிகம் கொடுக்கிற ஆட்களைப் பார்த்திருக்கிறேன்.

கரிக்கோடு

எல்லாரும் வாங்குகிறவர் பக்கமிருந்தே பேசுகிறீர்கள், வரைகிறவன் பக்கமிருந்து ஒன்று சொல்கிறேன். எழும்பூர்க் கல்லூரியில் படித்தவன் நான், இருபது வருஷமாக இதே தொழில், நடுவில் பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டராகவும் இருந்தேன்.

எனக்கு முதலில் கிடைத்த சேகரிப்பாளரை நான் தெய்வமாகத்தான் நினைத்தேன். வீட்டு மாடிக்கு வந்தார், ஒரே நாளில் பதினெட்டுப் படம் எடுத்தார், மொத்தமாக எடுப்பதால் விலை குறைத்துக் கேட்டார், கொடுத்தேன். அந்த வருஷம் வாடகை பாக்கி தீர்ந்தது, தங்கை வளையல் மீண்டது. "இன்னார் உங்களுடையது பதினெட்டு வைத்திருக்கிறாராமே" என்று கேட்டுக்கொண்டே அடுத்த ஆட்கள் வந்தார்கள், விலையும் ஏறியது. ஆறு வருஷம் கழித்து அவருக்குத் தொழிலில் முடை. பதினெட்டையும் ஒரே சமயத்தில், ஆளுக்கு ஒரு விலை சொல்லி, வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பித் தள்ளிவிட்டார். என் கேலரியில் நாற்பதாயிரத்துக்கு மாட்டியிருந்த அளவு படம் வெளியே பன்னிரண்டாயிரத்துக்குக் கிடைத்தது. அந்த சீசனில் எனக்கு ஒரு படம்கூட விற்கவில்லை. அவர் மேல் கேஸ் போடவா முடியும், அவர் பொருள், அவர் விற்றார். ஏற்றிவிட்ட கைதான், இறக்கிவிட்டது.

இது எனக்கு மட்டும் நடந்தது இல்லை என்று பிறகு தெரிந்துகொண்டேன். 1980களில் லண்டனில் சார்லஸ் சாட்சி என்ற விளம்பரக் கம்பெனி முதலாளி, இத்தாலிய ஓவியர் சாண்ட்ரோ கியாவின் படங்களை வாங்கி வைத்திருந்து மொத்தமாக விற்றார், கியாவின் பெயரே அதோடு சரிந்தது என்று கலை உலகம் இன்றும் பேசுகிறது. சாட்சி, தன்னிடம் இருந்ததே ஏழு படம்தான் என்று சொல்லிவிட்டார். ஏழு படத்தில் ஒரு ஆளின் சந்தை சரியுமா என்றால், விற்கிறவர் யார் என்பதைப் பொறுத்தது. அவர் வாங்கும்போது நாலு பேர் பின்னாலேயே வந்து வாங்கினார்களே, அவர் விற்கும்போது அதே நாலு பேர் என்ன செய்வார்கள்?

லாபத்தில் எங்களுக்குப் பங்கு உண்டா என்று கேட்டால், 1973 அக்டோபரில் நியூயார்க்கில் நடந்ததைத்தான் எல்லாரும் சொல்வார்கள். ராபர்ட் ஸ்கல் என்று டாக்சி கம்பெனி முதலாளி, தான் சேர்த்து வைத்திருந்த ஐம்பது படங்களை ஏலத்தில் விட்டார். ஓவியர் ராஷன்பெர்க்கிடம் 900 டாலருக்கு வாங்கிய படம் 85 ஆயிரம் டாலருக்குப் போனது. ராஷன்பெர்க் அங்கேயே இருந்தார், ஏலம் முடிந்ததும் நேரே போய் ஸ்கல்லை ஒரு தள்ளுத் தள்ளினார், அது ஃபிலிமிலேயே பதிவாகியிருக்கிறது. ஐரோப்பாவில் பல நாடுகளில் ஏலத்திலோ கேலரியிலோ மறுபடி விற்கும்போது ஓவியருக்கு ஒரு பங்கு போகும், பிரிட்டனில் 2006லிருந்து உண்டு. வேடிக்கை என்னவென்றால் நம் பதிப்புரிமைச் சட்டத்திலும் 53ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது: பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் மறுவிற்பனை ஆனால் ஓவியருக்கோ வாரிசுக்கோ பத்து சதவீதம் வரை பங்கு உண்டு என்று 1994லிருந்தே எழுதி வைத்திருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த வட்டத்தில் அதில் ஒரு ரூபாய் பார்த்தவர் யாரும் கிடையாது.

அதற்காக சேகரிப்பாளர்களே வேண்டாம் என்று சொல்லவில்லை, அவர்கள் இல்லாவிட்டால் நான் இன்னும் டிராயிங் மாஸ்டர்தான். சேகர் சாரின் அப்பா மாதிரி ஆட்கள் ஊருக்கு இருநூறு பேர் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒருவர் ஒரே ஒரு படம் வாங்கி ஐம்பது வருஷம் ஹாலில் வைத்திருந்தால் அவரால் எந்த ஓவியனுடைய விலையையும் ஏற்றவும் முடியாது, கவிழ்க்கவும் முடியாது. எனக்கு அந்தப் பதினெட்டும் பதினெட்டு வீட்டுக்குப் போயிருக்க வேண்டும்.

சேகர் சார், இன்னொன்று. ஓவியரின் குடும்பம் இருந்தால் அவர்களிடம் ஒரு போட்டோ அனுப்பிக் கேளுங்கள். போலி பயம் விற்கிறவருக்கும் உண்டு. 2009இல் டெல்லியில் ஒரு கேலரி ரஸாவின் படங்களைக் கண்காட்சி வைத்து அவரையே திறக்கக் கூப்பிட்டது. 86 வயது மனிதர் சுவர் சுவராகப் பார்த்துக்கொண்டே போய், இதில் பெரும்பாலானவை நான் வரைந்ததே இல்லை என்று சொல்லிவிட்டார்.

நெல்லை_நேர்பேச்சு

கரிக்கோடு, பதினெட்டுப் படத்தை ஒருவருக்கே கொடுத்தது உங்கள் தப்பு என்று சொல்ல வாய் வருகிறது, வாடகை பாக்கி என்று படித்ததும் விட்டுவிட்டேன். 53ஏ எனக்குப் புதுச் செய்தி.

ஆனாலும் மணி அண்ணனிடம் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. 2019இல் டெல்லியின் பெரிய கேலரி ஒன்று மெட்ராஸ் ஓவியர்களை மட்டும் வைத்துக் கண்காட்சி போட்டு கேட்லாகும் கொண்டுவந்தது. நீங்கள் சொன்ன கைகளில் ஒன்றாவது இப்போது வந்துவிட்டதா? வந்துவிட்டது என்றால் சேகர் வீட்டுக்குக் காபி குடிக்க ஆள் வந்ததற்கு அதுதான் காரணமாக இருக்கும்.

ஃபிரேம்கடை_மணி

அதேதான். கேலரி ஒருவரைக் கையில் எடுக்கிறது என்றால் முதலில் சத்தமில்லாமல் சரக்கைச் சேர்க்கும், கண்காட்சி பிறகு. வீடு வீடாக ஆள் வருகிறது என்றால் யாரோ சேர்க்கிறார்கள் என்று அர்த்தம். யார் என்று எனக்குத் தெரியாது, தெரிந்தாலும் இங்கே எழுத மாட்டேன்.

சிங்காநல்லூர்_சேகர்

இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லாருக்கும் நன்றி.

வசந்தி மேடம் சொன்னதைப் படித்துவிட்டு நேற்று மனைவியும் நானும் படத்தைக் கழற்றினோம். சுவரில் அந்த இடம் மட்டும் பழைய டிஸ்டம்பர் கலரில் சதுரமாக நிற்கிறது. பின்பக்கம் பிளைவுட், ஓரத்தில் செல் அரித்து உதிர்கிறது, சின்ன ஆணிகள் துரு பிடித்து ஒட்டிக்கொண்டிருந்தன. மெதுவாக எடுத்தால் பிளைவுட்டுக்கும் படத்துக்கும் நடுவில் மடித்த காகிதம் ஒன்று. அப்பா எழுத்து. "ரூ. 75 கொடுத்தது. பாக்கி ரூ. 75 பிப்ரவரி சம்பளத்தில்." கீழே வேறு மையில், வேறு கையில், "பெற்றுக்கொண்டேன், அவசரம் இல்லை" என்று தமிழில், ஓவியரின் கையெழுத்தோடு. படத்தில் இருக்கிற அதே கையெழுத்து.

மணி சார், காகிதத்தின் ஓரம் முழுக்கப் பழுப்பு ஏறியிருக்கிறது, நடுவில் மிளகு தூவிய மாதிரி புள்ளிகள். கண்ணாடி நேராகப் படத்தின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது, ஒரு மூலையில் லேசாக ஒட்டியும் இருக்கிறது. இழுக்கப் பயந்து அப்படியே விட்டுவிட்டேன்.

சென்னைக்காரர் இன்று காலை மறுபடி பேசினார். 85 என்றார். ரசீது கிடைத்த விஷயத்தை நான் சொல்லவில்லை. கரிக்கோடு சொன்னபடி ஓவியரின் மகளுடைய விலாசம் விசாரித்துக்கொண்டிருக்கிறேன், கிடைத்துவிடும் போலிருக்கிறது. அம்மாவிடம் 85 ஆயிரம் என்று சொன்னேன். "இரண்டாவது தவணை கொடுக்கப் போனதற்கு ரயில் சார்ஜ் தனி, அதையும் சேர்த்துக் கேள்" என்கிறார்.

ஃபிரேம்கடை_மணி

ஒட்டிய மூலையைத் தொடவே தொடாதீர்கள், தண்ணீர் வைக்காதீர்கள், ஹேர் டிரையர் காட்டாதீர்கள். கண்ணாடியோடு சேர்த்துப் படத்தைத் தட்டையாக வைத்து, சுத்தமான வெள்ளைக் காகிதம் இரண்டு பக்கமும் கொடுத்து பீரோவில் கிடைமட்டமாக வையுங்கள். நாப்தலின் உருண்டை வேண்டாம். அந்தப் பிளைவுட்டை வீட்டுக்கு வெளியே போடுங்கள், செல் மற்றச் சாமான்களுக்கும் பரவும். காகிதப் படங்களைச் சரிசெய்கிற ஆள் ஒருவர் எனக்குத் தெரியும், உங்களுக்குத் தனிச் செய்தியில் நம்பர் அனுப்புகிறேன். மறுபடி ஃபிரேம் போடும்போது ஆசிட் இல்லாத மவுண்ட் போர்டு என்று கேட்டு வாங்குங்கள், கண்ணாடிக்கும் காகிதத்துக்கும் நடுவில் இடைவெளி இருக்க வேண்டும். ரசீதைப் படத்தோடு சேர்த்து உள்ளே வைத்து மூடாதீர்கள், அதைத் தனிக் கவரில் போடுங்கள்.